பயந்தாங்கொள்ளி வேஷம்

கல்முனைக் கல்யாண வீடுகளில் பயந்தாங்கொள்ளியாக நடித்துச் சிரிப்புக் காட்டுவதுதான் என் பிழைப்பு. சுனாமியன்று கடல் எழுந்து வருவதைக் கண்டதும், ஒரு கையில் அவிழ்ந்த இடுப்புச் சாரனும் மறுகையில் தேத்தண்ணிக் கோப்பையுமாக, "கடல் வருது, ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கோப்பையை எறியக்கூடத் தோன்றவில்லை. "தொடங்கிட்டான்டா!" என்று தெருவே சிரித்தது.

அதன்பின் பகிடி வாயில் வரவில்லை. யுத்தம் முடிந்த வருடம் தொலைக்காட்சியில் பேட்டி காணும் வேலை கிடைத்தது. மற்றவர் கதைப்பார், நான் கேட்டால் போதும். முதலாவதாக வந்த மீனவர் சபைமுன் என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்: "காக்கா, அண்டைக்கு நீங்க ஓடக்குள்ள எங்கட உம்மா வாசல்ல நிண்டு சிரிச்சா. சிரிச்சிக்கிட்டே நிண்டுட்டா."

நடுங்கிய என் முகத்தைப் பார்த்து முன்வரிசை சிரிக்கத் தொடங்கியது.