கங்கம்மாவுக்குப் படைத்த பாஸ்வேர்டு

"ஈரத்தலையோட எவ்ளோ நேரம் வெயில்ல நிக்கிற? தலைவலி வரும், கீழ போ" என்று நிச்சயமான மாப்பிள்ளை போனில் சொன்னதும் என் ரூம்மேட் குடுபல்லிக்காரிக்கு முகமெல்லாம் வெட்கம். எனக்கு எரிந்தது. அவன் இருப்பது புத்தலப்பட்டில். நாங்கள் நிற்பது திருப்பதியில், திருச்சானூர் ரோட்டில் இருக்கும் லேடீஸ் ஹாஸ்டலின் மொட்டைமாடியில்.

அவள் போனை வைத்ததும் கேட்டேன். "உன் தல ஈரமா கீதுன்னு அவனுக்கு எப்டிடி தெரியும்?"

"ஞாயித்துக்கெழம தலைக்குக் குளிப்பேன்னு தெரியுமில்ல. கணக்குப் போட்டிருப்பாரு."

"மஞ்ச நைட்டி உனுக்கு எடுப்பா இல்லன்னானே, அதுவும் கணக்கா?"

அவள் குனிந்து தன் நைட்டியைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக நிமிர்ந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த கேமராவைப் பார்த்தோம். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. செருப்பைக் கழற்றி அதற்கு முன்னால் நன்றாக ஆட்டிக் காட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை மறுபடி அழைத்தான். "உன் கூட கீற பொண்ணு சரியில்ல. அவ கூட சேராத."

விஷயம் உறுதியானது.

நான் நகரிப் பக்கம். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறேன். என் ரூம்மேட் குப்பத்துக்குப் பக்கத்தில் குடுபல்லி. ரேணிகுண்டா ரோட்டில் போனுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. கையில் இருக்கும் போனில் எந்தச் சில்லு எங்கே ஒட்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எந்த போனில் யார் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் தெரியவில்லை. படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் வந்துவிட்டது. புத்தி எங்களுக்கு இரண்டாவது ஷிப்டில்தான் வந்தது.

கேமரா வந்த கதை சின்னது. ஹாஸ்டல் சமையலறையில் ஒரு காஸ் சிலிண்டர் காணாமல் போயிற்று. ஹாஸ்டல் நடத்தும் ஆன்ட்டி கேட்டில் ஒன்று, நடையில் ஒன்று, சாப்பிடும் இடத்தில் ஒன்று, மொட்டைமாடியில் ஒன்று என்று கேமரா மாட்டினார். சிலிண்டர் கிடைக்கவில்லை. ஆனால் கேமராவில் வேறு லாபம் இருப்பதை ஆன்ட்டி கண்டுபிடித்தார். மகளையும் டிரங்குப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு எந்த அப்பா வந்தாலும், ஆன்ட்டி ரூமைக் காட்டமாட்டார். ரூமைக் காட்டினால் சேரமாட்டார்கள். தன் போனைக் காட்டுவார். "மீ பாப்பா மீ போன்லோனே உண்டுந்தி. உங்க பொண்ணு உங்க போன்லயே இருப்பா" என்பார். அப்பா உருகிவிடுவார். அங்கேயே அவர் போனில் ஆப் ஏற்றி, பாஸ்வேர்டையும் ஆன்ட்டி வாய்விட்டுச் சொல்லிவிடுவார். மறக்கவே முடியாத பாஸ்வேர்டு. மேலே இருக்கிறவரின் பெயர், பின்னால் மலைக்கு ஒன்றாக ஒன்றிலிருந்து ஏழுவரை எண்கள்.

கோவிந்தா, ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு ஏழு.

நான் வேலை செய்யும் கம்ப்யூட்டருக்கும் கிட்டத்தட்ட இதுதான். டீக்கடைக்கும் இதுதான். ஜெராக்ஸ் கடைக்கும் இதுதான், அவன் எட்டுவரை போவான். இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் மோட்சம் கிடைக்கிறதோ இல்லையோ, வைஃபை கிடைக்கும்.

குடுபல்லிக்காரி நைனா என்று கூப்பிடும் அவள் அப்பாவுக்கும் ஆன்ட்டி அதைக் கொடுத்திருந்தார். நிச்சயம் ஆனதும் நைனா அதைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். என் பெண் எப்படிப்பட்டவள் என்று நீங்களே பாருங்கள் என்ற பெருமைதான், வேறொன்றும் இல்லை. அவர்கள் பார்த்தார்கள். மாப்பிள்ளை பார்த்தான், மாப்பிள்ளையின் அம்மா பார்த்தாள், சித்தப்பா பார்த்தார். சீரியலுக்கு நடுவில் விளம்பரம் வந்தால் எங்கள் ஹாஸ்டலைப் போட்டுவிடுவார்களாம். இதை அந்த மாப்பிள்ளையே சிரித்துக்கொண்டு சொன்னான்.

அதோடு நின்றிருந்தால் நானும் செருப்பைக் காட்டியதோடு விட்டிருப்பேன். அடுத்த வாரம் நைனா அழைத்தார். மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டு வீடியோவைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறாள். மொட்டைமாடியில் குடுபல்லிக்காரி நைட்டியோடு, துப்பட்டா இல்லாமல், யாருடனோ போனில் பேசி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கீழே ஒரு வரி: 'வேலைக்குப் போற லட்சணம்.' வேலையை விட்டு ஊருக்கு வா, இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். கம்பெனியில் அவளை லைன் லீடர் ஆக்கப்போவதாகப் பேச்சு இருந்த நேரம்.

"யார்கூடடி பேசின?" என்று கேட்டேன்.

"உங்கூடத்தான். உங்க டாக்டரு பல்லு செட்ட வாஷ்பேசின்ல உட்டுட்டாருன்னு சொன்னியே, அன்னிக்கி."

அவள் அழவில்லை. தலையணை உறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். "இன்னும் இன்னா இன்னாடி எடுத்து வெச்சிகீறாங்களோ" என்றாள். அதுதான் என்னை உலுக்கியது. நேரில் பார்ப்பவன் பார்த்துவிட்டுப் போவான். கேமராவின் பதிவுப் பெட்டியோ ஒரு மாதத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. எவன் வேண்டுமானாலும் பின்னால் ஓட்டி, வேண்டியதை வெட்டி, வேண்டிய வரியை ஒட்டி, வேண்டியவனுக்கு அனுப்பலாம்.

கேமரா மாட்டிய ஆளுக்கு போன் போட்டேன். சித்தூரில் கடை வைத்திருப்பவர். "ஒரே பாஸ்வேர்ட அம்மா, அப்பா, சம்பந்தின்னு எல்லார்க்கும் குடுத்தா அப்டித்தான் சிஸ்டர். கேமரா மேல தப்பில்ல" என்றார்.

"மாட்டும்போதே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா மாத்துவாங்க. மாத்துனா மறப்பாங்க. மறந்தா எனுக்கு போன் பண்ணுவாங்க. கல்யாண மண்டபம், நகைக்கடை எல்லாத்துக்கும் அதே பேர்தான் வெச்சிகினு போறேன். பக்தியாவும் கீது, வசதியாவும் கீது."

இவனையெல்லாம் நம்பி நகைக்கடைக்காரன் எப்படித் தூங்குகிறான் என்று தெரியவில்லை. ஆனாலும் செய்ய வேண்டியதைச் சொன்னார். பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா போனும் வெளியே விழுந்துவிடும். பழைய பதிவை அழிக்க வேண்டுமானால் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டும். இரண்டும் ஆன்ட்டி வீட்டுப் பெட்டியில்தான் நடக்கும்.

அந்தப் பெட்டி இருப்பது பூஜை அலமாரியில். சாமி படங்களுக்கு நடுவில், அதற்கும் மஞ்சள் குங்குமப் பொட்டு. சூடு வெளியேற இருக்கும் ஓட்டையில் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு செம்பருத்தி. நான் விஷயத்தைச் சொன்னதும் ஆன்ட்டி பதறியது குடுபல்லிக்காரிக்காக இல்லை.

"தேவுடி பேரு தீசேஸ்தாவா? சாமி பேர எடுக்கறதா? ஏம்மா, கண்ணு போய்டும்."

"ஆன்ட்டி, ஆம்பளைங்க போன்ல எங்க நைட்டி தெரியுது."

"அந்தா மனவாள்ளே. எல்லாம் நம்ம சொந்தக்காரங்கதானே. அப்பா, மாமா."

"உங்க சம்பந்தி உங்க மொட்டமாடிய பாக்கறானா?"

"ச்சீ, நோரு முய்யி." வாயை மூடு என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சு இல்லை. ஹாஸ்டல் போர்டில் பழைய பெயரை மாற்றியபோது தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதாம். சாமி பெயரை எடுத்தால் வீடே எரியுமாம். மோட்டாருக்குத் தண்ணீர் வராமல் ஓடவிட்டால் எரியும் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை.

குடுபல்லிக்காரி நடையில் முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டுத் தட்டை ரூமுக்குக் கொண்டுவந்துவிடுவாள். துணியை ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். எல்லாம் மக்கல் நாற்றம். மாப்பிள்ளை அழைத்து, "ஏன் கண்ணுலயே படமாட்ற?" என்று கோபித்துக்கொண்டான். நான் ஒருநாள் கேமராமேல் பழைய பாவாடையை எறிந்தேன். ஆன்ட்டிக்குப் பத்து அப்பாக்கள் போன் செய்தார்கள். அவர் பாவாடையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்து, இனி இப்படிச் செய்தால் ரூமைக் காலி பண்ணு என்றார்.

அப்படி இருக்கும்போதுதான் கங்கம்மா ஜாத்திரை வந்தது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: அந்த வாரம் இந்த ஊரில் ஆண்கள் கரியும் குங்குமமும் பூசி, வேப்பிலை கட்டி, வேஷம் போட்டுத் தெருத்தெருவாக வருவார்கள். எதிரில் வருகிறவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். சாதாரணத் திட்டு இல்லை. நம் வீட்டுப் பெண்கள் ஆண்கள் எல்லாரையும் இழுத்து, உடம்பில் எந்தப் பாகத்தையும் விடாமல் திட்டுவது. யாரும் கோபப்படக்கூடாது. அந்த வசவு அம்மனுக்குப் படையல், வாங்கிக்கொண்டவருக்குப் புண்ணியம்.

எங்கள் கேட்டுக்கு ஒரு வேஷக்காரன் வந்தான். ஆன்ட்டியை ஏற இறங்கப் பார்த்து ஒரு திட்டு திட்டினான் பாருங்கள், எதிர்வீட்டு நாய் எழுந்து போயிற்று. கெட்ட வார்த்தை கேட்டால் காதில் துளசி வைத்துக்கொள்ளும் ஆன்ட்டி, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தல்லி, கங்கம்மா தல்லி" என்று உருகினார்.

அங்கேயே எனக்குப் பொறி தட்டியது.

வேஷக்காரன் போனதும் கேட்டேன். "ஆன்ட்டி, கங்கம்மாவும் சாமிதானே?"

"மலைமேல இருக்கறவரு தங்கச்சி அம்மா. ஆடபில்ல, அவரு வீட்டுப் பொண்ணு."

"பெட்டிக்கு அண்ணன் பேர் இருந்தது போதும். பொண்ணுங்க ஹாஸ்டல்தானே, தங்கச்சிய காவல் வெப்போம். அவளுக்குப் பிடிச்ச படையலையே பாஸ்வேர்டா வெச்சிரலாம்."

ஆன்ட்டிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளே சிரிப்பு வந்தது. "பூத்து மாட்டவா? கெட்ட வார்த்தையா?"

"அம்மனுக்குத்தானே."

அலமாரிக்கு முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆன்ட்டி சூடம் ஏற்றினார். எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, "இது சின்னப் பசங்க சொல்றது" என்று தள்ளினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் மாமியார் பிறந்த ஊரில் எருமை மேய்ப்பவர்கள் சொல்வது என்று ஒன்றைச் சொன்னார். நீளமானது. அதில் ஒரு கிழவன், ஒரு உலக்கை, இன்னும் சில சாமான்கள் இருந்தன. குடுபல்லிக்காரி அந்த வீடியோவுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். நான் தெலுங்கு வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, நடுநடுவே எண்களைச் செருகி, ஓகே அழுத்தினேன். டிஸ்கை அழிக்கட்டுமா என்று பெட்டி கேட்டது. அழி என்றேன். ஏணி போட்டு மாடிக் கேமராவின் மூஞ்சியைப் படிக்கட்டுக் கதவுப் பக்கம் திருப்பினேன். திருடன் வந்தால் அந்த வழியாகத்தான் வருவான்; துணிக்கொடிக்குக் காவல் தேவையில்லை.

எந்தக் கம்ப்யூட்டர் எஞ்சினியரும் இப்படி ஒரு பூட்டைக் கண்டுபிடித்திருக்க மாட்டான். பழைய பாஸ்வேர்டு ஊர் முழுக்கப் பரவியதற்குக் காரணம் அதைச் சொல்ல ஆன்ட்டிக்கு வாய் இனித்ததுதான். இதைச் சொல்ல அவருக்கு வாயே வராது. அன்று சாயங்காலமே அப்பாக்கள் அழைக்க ஆரம்பித்தார்கள். ஆப் திறக்கவில்லை, புதுப் பாஸ்வேர்டு என்ன?

"அதி... செப்பகூடதண்டி" என்று ஆன்ட்டி நெளிந்தார். சொல்லக்கூடாதாம். "அம்மவாரு விஷயம்" என்றதும் பாதிப்பேர் பயந்து வைத்துவிட்டார்கள்.

புத்தலப்பட்டிலிருந்து சித்தப்பாவே நேரில் வந்துவிட்டார். ஆன்ட்டியின் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "நாங்க கல்யாண சம்பந்தம். எங்களுக்குக்கூட சொல்ல மாட்டீங்களா?" என்றார். ஆன்ட்டியின் முகம் காது வரை சிவந்தது. அந்த எருமைக்கார வசவை அந்த ஆளின் மூஞ்சிக்கு நேராகச் சொல்வதை நினைத்துப் பார்த்திருப்பார் போல. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

குடுபல்லிக்காரி முன்னால் வந்தாள். "கேமரா இனிமே கெடையாது மாமா. அவர் எங்கிட்ட பேசணும்னா பேசட்டும். வேலைய உடமாட்டேன். அந்த வீடியோவ குரூப்ல போட்டவங்களே எடுக்கணும்."

"இவ்ளோ பேசற பொண்ண எப்டிம்மா நம்பறது?"

"நம்பாதீங்க. போய்ட்டு வாங்க."

கல்யாணம் நின்றது. வீடியோவை எடுத்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னான். குரூப்பில் எடுத்திருக்கலாம், எத்தனை போனில் இறங்கியிருக்கிறதோ, அதை எந்த அம்மனாலும் எடுக்க முடியாது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் இருக்கிறது. எந்தப் பூட்டும் போடுகிற நாளிலிருந்துதான் பூட்டு.

நைனா கோபத்தோடு வந்தார். வந்த வேகத்தில் கத்திவிட்டு, ஆன்ட்டி கொடுத்த காபியைக் குடித்தார். பிறகு குரல் இறங்கியது.

"அவங்கள உடு. நானும் தெனம் பாத்துக்கினுதான் இருந்தேன். நீ துன்றியா இல்லியான்னு. அதுல நீ சிரிச்சிக்கினு இருப்ப. ஊட்ல அப்டி சிரிச்சி நான் பாத்ததில்ல." போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "எனுக்கு மட்டும் போட்டுக் குடு. வேற யார்க்கும் தரமாட்டேன்."

எனக்கே மனசு இளகியது. போட்டுக் கொடுத்துத் தொலையலாம் என்று நினைத்தேன். அவள் போனை வாங்கினாள், அந்த ஆப்பை அழித்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம் நைனா. நீ போன் பண்ணு. துன்னேனா இல்லியான்னு நானே சொல்றேன்."

இப்போது தினமும் அழைக்கிறார். லைன் லீடர் ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வரும் நேரமாகப் பார்த்துத்தான் அழைப்பார். சில நாள் அவள் எடுப்பதில்லை.