பன்னிரண்டு இலக்கங்கள் தெரிந்த படம்

மலேசியத் தமிழ் நாளிதழ் ஒன்றின் பகாவ் வட்டார நிருபராக இருந்தபோது ஒரு படத்தால் நான் செய்த கெடுதலை இங்கே எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் படிக்க வேண்டும்.

லெட்சுமி செம்பனைத் தோட்டத் தொழிலாளி. கணவர் இல்லை. தோட்டம் கைமாறியதால் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அரசின் மலிவு விலை வீட்டுக்கு அவர் போட்ட விண்ணப்பம், அவர் பெயரில் ஒரு கம்பெனி இருப்பதாகச் சொல்லி நிராகரிக்கப்பட்டது.

"பழம் பொறுக்குறவ நான். எனக்கு ஏதுண்ணே கம்பெனி? இருந்தா உங்களுக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுத்திருப்பேன்லா" என்றார்.

விசாரித்தேன். சில மாதங்களுக்கு முன் ஓர் ஆள் தோட்டக் கோயிலில் அரிசி மூட்டை கொடுத்திருக்கிறார். வாங்கியவர்களை ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கன்னத்தருகே பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்திருக்கிறார். யாரும் சந்தேகப்படவில்லை. உதவி வாங்கினால் ஐசி காட்டுவது எங்கள் தோட்டங்களில் வழக்கம். அந்தப் படத்தை வைத்துத்தான் கம்பெனியைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றது போலீஸ்.

போலீசில் கொடுத்த புகாரின் நகலுடன் மேல்முறையீடு செய்தால் பரிசீலிப்பதாக வீடமைப்பு அதிகாரி சொன்னார். நான் விழிப்புணர்வுச் செய்தி எழுதினேன். படத்துக்கு ஐசியைக் கையில் எடுக்கச் சொன்னேன். சொல்லாமலே லெட்சுமி அதைக் கன்னத்தருகே உயர்த்தினார். நல்ல படம் என்று நினைத்தேன்.

பெயர், வயது, தோட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். ஐசி எண்ணைப் பார்க்கவில்லை. பக்கம் அமைத்தவரும் பார்க்கவில்லை. இணையத்தில் படத்தைப் பெரிதாக்கினால் பன்னிரண்டு இலக்கமும் தெரிந்தது. ஐசியை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்பது மேலே இருந்த தலைப்பு.

பலர் பகிர்ந்தார்கள். அடுத்த மாதம், அந்த எண்ணை வைத்து யாரோ வாங்கிய மூன்று கைப்பேசி இணைப்புகள் லெட்சுமி பெயரில் இருந்தன. ஒன்றிலிருந்து யாரையோ ஏமாற்றியிருந்தார்கள். அந்த விசாரணை முடியும்வரை மேல்முறையீட்டை எடுக்க முடியாது என்றார் அதிகாரி.

காவல் நிலையத்தில் லெட்சுமியுடன் காத்திருந்தேன். அவர், "அரிசி கொடுத்தவன் யாரோ எவனோ. நீங்க நம்ம ஆளுன்னுதானேண்ணே காட்டினேன்" என்றார்.

லயத்தை இடித்துவிட்டார்கள். லெட்சுமி லுக்குட் ஊரில் தங்கை வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்கிறார். எங்கள் தளத்திலிருந்து படத்தை நீக்கினோம். பகிரப்பட்டவை இன்னும் இருக்கின்றன.

படத்தில் எண்ணை மறையுங்கள். ஐசி நகல் கொடுப்பவர்களிடம், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதை அதன் குறுக்கே எழுதச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. லெட்சுமிக்கு இது இனி உதவாது. அட்டையை மாற்றித் தருவார்கள். எண் ஆயுளுக்கும் அதேதான்.