பழனிசாமி அண்ணனின் ரயில் கடிகாரம்

எனக்கும் வீரபாண்டியில் சாயப்பட்டறை வைத்திருந்த பழனிசாமி அண்ணனுக்கும் ஒரே கிறுக்கு, பழைய அமெரிக்க ரயில்வே பாக்கெட் கடிகாரங்கள். ரயில்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க, நொடி பிசகாமல் ஓடும்படி செய்யப்பட்டவை. அவரிடமிருந்த ஒன்றை என்னைத் தொடக்கூட விடமாட்டார்.

கடன் தாங்காமல் பட்டறையை மூடிய வாரம் அதை என் கையில் வைத்தார். "நீங்களே வெச்சுக்குங்க தம்பி. தினமும் சாவி குடுங்க."

சந்தோஷமாக நிமிர்ந்தவன், அவர் முகம் வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்தேன். உயிருள்ளவரை இதை விடுகிற ஆளில்லை அவர்.

"ஏனுங்கண்ணா, எங்க போறீங்க?"

வண்டியை நோக்கி நடந்தார். வண்டிச் சாவியைப் பிடுங்கினேன். "விட்டுருங்க தம்பி" என்று கெஞ்சியவர் தரையில் உட்கார்ந்து கதறினார். வண்டிப் பெட்டியில் விஷம் இருந்தது.

அண்ணியை வரவழைத்து அவரை ஒப்படைத்தேன்.

இன்று அண்ணன் வேறொருவர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வழியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் போய் மறையும்வரை நின்று பார்ப்பேன். பேசாவிட்டால் என்ன, இருக்கிறாரே.