மடக்கி உழுத தக்கைப்பூண்டு

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். புதுவயல் ஊரைத் தாண்டி இருக்கும் எங்கள் முக்கால் ஏக்கர் நிலத்தில் நடந்தது இது. நான் அரிசி மில்லில் வேலை பார்ப்பவன். விவசாயமும் அப்பா காலத்திலிருந்து கையில் இருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நிலத்துக்குப் பக்கத்தில் முன்பு பழைய பேட்டரிகளை உடைக்கும் பட்டறை ஒன்று ஓடியது. பட்டறையை மூடிவிட்டுப் போனவர்கள், ஈயத்தை எங்கள் மண்ணில் விட்டுவிட்டுப் போனார்கள். மண்ணைப் பரிசோதித்தவர்கள், இதில் விளைவதைச் சாப்பிடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விற்க மனமில்லை, விதைக்க வழியில்லை.

அப்போதுதான் செக்காலையிலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். அந்த ஈயத்தையும் தாங்கிக்கொண்டு எங்கள் மண்ணில் உயிரோடிருந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்திருந்தார். அதை ஆறிய வடிகஞ்சியில் கலந்து, பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டின் விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைத்தோம். கஞ்சி என் மனைவியின் உபயம். பாக்டீரியா வேரில் முடிச்சு கட்டிச் செடிக்கு உரம் ஊட்டும், செழித்த செடி ஈயத்தை உறிஞ்சும் என்றார். ஆடு மாடு வாய் வைக்கக் கூடாது, வெறுங்கையால் தொடக் கூடாது என்றும் சொன்னார்.

நான் பாதிதான் நம்பினேன். எதையும் முளைக்கவிடாமல் முரண்டு பிடித்த மண்ணில் செடி இடுப்பளவு நின்றபோது முழுசாக நம்பினேன். வாரம் தவறாமல் வருவார். கையுறை போட்ட விரலால் ஒரு வேர்முடிச்சைக் கிள்ளிக் காட்டி, "உள்ள சிவப்பா இருக்கு பாருங்கண்ணே, நல்லா வேலை பாக்குது" என்பார். அவருடைய பட்டமே இந்த வயலை நம்பித்தான் இருந்தது.

மஞ்சள் பூ எடுத்தது. சனிக்கிழமை வந்து செடிகளை எடுப்பதாகச் சொல்லியிருந்தார். என் கை சும்மா இருக்கவில்லை. தக்கைப்பூண்டு பூத்தால் உரமாக மண்ணுக்குள் மடக்கி உழ வேண்டும், எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆராய்ச்சிக்கு நாலு செடி போதுமே என்று வரப்போரம் ஒரு வரிசையை மட்டும் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமையே டிராக்டர் வைத்து உழுதுவிட்டேன். பெருமை வேறு.

வந்தவர் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"உழுதுட்டீகளா அண்ணே?"

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்னு நானே முடிச்சுட்டேன்" என்றேன்.

அவர் முகம் வெளிறிப்போனது. செடி உறிஞ்சிய ஈயம் பெரும்பாலும் வேரில்தான் தங்கும். வேரோடு பிடுங்கி அகற்றினால்தான் மண் சுத்தமாகும். மொத்தச் செடியையும் எடை போட்டால்தான் அவர் ஆராய்ச்சியும் முடியும். நானோ செடி எடுத்த விஷத்தைத் திரும்ப மண்ணிலேயே புதைத்திருந்தேன். அவர் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் புரிந்தது. கத்துவார், அழுவார் என்று நினைத்தேன்.

"தப்பு எம்மேலதான் அண்ணே. உங்களுக்குத் தெரியாததையெல்லாம் சொன்னேன். தெரிஞ்ச வேல, பூத்தா மடக்கி உழுறது, அத வேணாம்னு சொல்லவே இல்ல. மட்குறதுக்குள்ள எடுத்துருவோம். மில்லுல சாக்கு கெடைக்குமா?"

கையுறையை மாட்டிக்கொண்டு, முட்டி போட்டு முதல் மண்கட்டியைப் புரட்டினார்.

சாக்குகளோடு ஓடி வந்தேன். மனைவியும் சேர்ந்துகொண்டாள். இரண்டு நாள் முழுக்க மண்ணைக் கிளறி, துண்டு துண்டான வேரைக்கூட விடாமல் பொறுக்கினோம். ஒருமுறைகூட அவர் என்னைக் குத்திப் பேசவில்லை. "அங்குட்டு ஒரு கொத்து கெடக்கு பாருங்க" என்பார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எவ்வளவு பொறுக்கியும் எடை சரியாக வரவில்லை. மறு பருவம் மறுபடி விதைத்தார். அவர் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது என்னால்தான். ஈயம் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, இன்னும் பல வருடம் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறார். நான் பருவம் தவறாமல் விதைத்து, பூத்ததும் வேரோடு பிடுங்கிக் கட்டி வைக்கிறேன். அவருடைய ஆய்வகத்தார் வந்து எடுத்துப் போகிறார்கள்.

அந்த மண்ணில் விளைந்ததை என்றைக்குச் சாப்பிடுவேனோ தெரியாது. ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை என்று எதில் கை வைக்கப் போனாலும், தன் உழைப்பைக் குலைத்தவனிடம் குரல் உயர்த்தாமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்ட அந்தப் பெண் நினைவுக்கு வருகிறார். சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன்.