அடுப்படியில் சிரித்தவள்

தகரப் பட்டறையில் அவருக்கு டமாரம் என்று பெயர். டமாரச் செவிடு என்று முழுசாகச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமையில்லை. வாலிபத்திலிருந்து தகரத்தைத் தட்டித் தட்டி வாளியும் புகைபோக்கியும் செய்தவர். காது கொஞ்சம் கொஞ்சமாக வேலையைவிட்டு நின்றுகொண்டது. அதற்காக அவர் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"உனக்கென்னய்யா, பொண்டாட்டி திட்டுறது காதுல விழாது. கொடுத்துவெச்சவன்" என்று வெல்டர் அவர் முகத்துக்கு நேராக வாயை அகலத் திறந்து கத்துவார்.

"எம் பொண்டாட்டி சிரிக்கிறவய்யா. அடுப்படியில தனியா நின்னு தோள் குலுங்கச் சிரிப்பா. நான்தான் பாக்குறேனே."

பார்த்தது பொய்யில்லை. சாயங்காலம் அவர் முன்னறையில் சாப்பிட உட்காரும்போது அவள் முதுகைக் காட்டியபடி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி நிற்பாள். தோள் குலுங்கும். அப்படி என்ன நினைத்துக்கொள்வாளோ? கேட்டுக் கெடுப்பானேன் என்று விட்டுவிடுவார். ஒரு பிடி கூடுதலாகவே சாப்பாடு இறங்கும்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள், காதில் மாட்டும் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தாள். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "இந்த வயசுல எதுக்குங்க இது? கேட்டு என்ன ஆகப்போகுது?" என்று உதட்டசைவு அவருக்குப் புரியும்படி முகத்தைக் காட்டிச் சொன்னவள், பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

அவருக்கு அது உறுத்தியது. வெல்டர் சொன்னதுபோல இத்தனை வருஷமும் திட்டித்தான் தீர்த்திருக்கிறாளோ? அதையும்தான் கேட்டுவிடுவோமே என்று மறுநாள் அவளுக்குத் தெரியாமல் பெட்டியைப் பட்டறைக்கு எடுத்துப்போனார். வெல்டர்தான் மாட்டிவிட்டார்.

"கேக்குதா, செவிட்டுப் பயலே?"

"கேக்குது. மரியாதையாப் பேசு."

வீடு வரும்வரை அவர் செருப்புச் சத்தமே அவரைத் துரத்திக்கொண்டு வந்தது. கதவு கிறீச்சிட்டது. அவள் திரும்பவில்லை. அவர் வீட்டில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, சத்தத்தை ஒளிக்க வேண்டிய தேவை அவளுக்கு இருந்ததில்லை. சுவரில் ஒரு கை. தோள் குலுங்கியது.

அது இருமல். அடிவயிற்றிலிருந்து எதையோ பிய்த்துக்கொண்டு வருகிற இருமல். ஒன்று ஓய்வதற்குள் இன்னொன்று. நடுவில் மூச்சு கிடைக்காமல் மெல்லிய விசில் சத்தம்.

"எப்பலேர்ந்து இது?"

திடுக்கிட்டுத் திரும்பியவள் முதலில் அவர் காதைத்தான் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"போன மழைக்காலத்துலேர்ந்து. நுரையீரல்ல. ரெண்டு டாக்டர் பாத்துட்டாங்க. இனிமே செய்யிறதுக்கு ஒண்ணுமில்லையாம்."

"பொண்ணுக்கு?"

"தெரியும். அப்பாகிட்ட சொல்லு, சொல்லுன்னு உசிர எடுத்தா. நான் முடியாதுன்னுட்டேன். அதான் மெஷினை அனுப்பிட்டா."

"நான் என்ன மூணாவது மனுஷனா? எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

அவள் கைத்துணியால் வாயைத் துடைத்தாள்.

"தெரிஞ்சவங்க எல்லாம் என்னைச் செத்தவளப் பாக்குற மாதிரி பாக்குறாங்க. நீங்க ஒருத்தர்தான் உப்பு பத்தலன்னு மொறைப்பீங்க. அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அந்த மூஞ்சிய இனிமே எங்கங்க போய்த் தேடுவேன்?"

அவர் கை தன்னால் காதுக்குப் போனது. "கழட்டிடவா?"

"கழட்டினா மறந்துடுமா?"

மகள்மேல் கோபம் வந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. உடனே, இவள் மூச்சுக்குத் தவித்து நின்ற சாயங்காலமெல்லாம் தான் மனம் நிறைந்து உண்ட அந்தக் கூடுதல் பிடி நினைவுக்கு வந்தது.

இருவரும் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒரு வாய் வைத்ததும் அவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, உப்பே போடலியா?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க. உங்களுக்கு நடிக்க வரல."

அதற்குள் இருமல் வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் போக எழுந்தவள், பாதியில் நின்று, மறுபடி உட்கார்ந்தாள். அவருக்கு எதிரிலேயே இருமினாள். அது ஓயும்வரை அவர் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.