அரிசி மூட்டைக்கு இடுப்பு வலி

எங்கள் அக்கா புருஷன் தைரியராஜ் மாமாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் வேலை. இரும்புத் தகடு தட்டித் தட்டிக் காது மந்தமாகிவிட்டது. ட்ரையல் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். புதுக் குடை வாங்கினால் அதைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் நிற்பார். அக்கா மேலேயிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இந்த ட்ரையலால்தான் முதல் பிள்ளை ரயில்வே கேட்டில் பிறந்தான். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே தண்டவாளம். லூர்துராணி அக்காவுக்கு வலி கண்டு குதிரை வண்டியில் போனபோது கேட் சாத்தியிருந்தது. மாமா கையால் பாய்லர் பார்த்த எஞ்சின் ஒன்றை அன்றைக்குத்தான் முன்னும் பின்னும் ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மாமா வண்டியை விட்டு இறங்கி, "சத்தம் எப்படி சுத்தமா இருக்கு பாரு ராணி!" என்றாராம். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. சர்ச்சில் அற்புதசாமி என்று பேர் வைத்தார்கள். ஊர் அவனைக் 'கேட்டு' என்றது. இன்றைக்கு ஸ்கூல் வாத்தியார்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

இரண்டாவது முழுகாமல் இருந்தபோது அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இது கட்டில்ல பொறக்கணும். பொண்ணா இருந்தா செல்வமேரி. ஊரே அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். இல்லன்னா இந்த ஜென்மத்துல உங்களோட பேச மாட்டேன்."

மாமா ஆடிப்போனார். உடனே வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு ட்ரையல் ஏற்பாடு செய்தார்.

நான் பம்பாய், நாக்பூர், கல்கத்தா என்று சுற்றிவிட்டு வந்து இறங்கிய வாரம் அது. "ஊர் ஊரா சுத்தினவ, ரிக்‌ஷாவுல மூட்டையைப் பிடிச்சுக்கிட்டு உக்கார மாட்டியா?" என்றார் மாமா. வண்டி என்றால் எனக்கு எதுவானாலும் சரி. ஏறிவிட்டேன். அக்காவுக்குப் பதில் ஒரு அரிசி மூட்டை. யாரும் சிரிக்கக் கூடாது என்று அதற்கு அக்காவின் சேலையைச் சுற்றிவிட்டார். அதனால்தான் எல்லாரும் சிரித்தார்கள். ரிக்‌ஷாக்காரர் ஜெகபர் சாதிக், "தங்கச்சி, மூட்டைக்குத் தலை சுத்துதான்னு கேட்டுக்க," என்று மிதித்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஆயா பவுனம்மாள் சேலையைப் பார்த்துப் பதறி, ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்து, ஒரு கை கொடுத்துத் தூக்கியும் வைத்துவிட்டது. அப்புறம்தான் முந்தானையை விலக்கிப் பார்த்தது. அது பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மாமா அசரவில்லை. மறுவாரமும் மூட்டையோடு போனோம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமாவுக்குப் புதுச் சந்தேகம். "மூட்டை சத்தம் போடாதுல்ல? நீயே வந்து உக்காரு ராணி. கொஞ்சம் முனகு, போதும்."

அக்கா திட்டிக்கொண்டே ஏறினாள். நான் பக்கத்தில். மாமா சைக்கிளில் கூடவே வந்தார். கடைத்தெரு தாண்டியதும் அக்கா என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

"என்னங்க, வலி வந்துடுச்சு!"

"எங்க வழி வந்துச்சு? இன்னும் கேட்டைத் தாண்டணுமே!"

"வலிங்க! வலி!"

"வழி எனக்குத் தெரியாதா? நேரா போ சாதிக்கு!"

சாதிக் அண்ணன் திரும்பி அக்கா முகத்தைப் பார்த்தார். "அண்ணே, இது நெசம்ணே!"

"ஆமா, நெசம் மாதிரியே பண்றா! கெட்டிக்காரி!" என்று மாமா சைக்கிள் மணியை அடித்துப் பாராட்டினார்.

சாதிக் அண்ணன் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தார். நல்ல வேளை, கேட் திறந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பவுனம்மாள் நகரவே இல்லை. "போய்யா! அன்னைக்குத் தூக்குன அரிசிக்கே எனக்கு இன்னும் இடுப்பு வலி போகல!" என்றது.

அப்போது அக்கா போட்ட சத்தம் மாமாவுக்கே கேட்டது. தைரியராஜ் என்று பேர் வைத்தவர்கள் பார்த்திருக்க வேண்டும். பவுனம்மாள் அலறியடித்துத் தள்ளி வந்த ஸ்ட்ரெச்சரில் அவர் மயங்கி விழுந்தார். "முதல்ல யாருக்குப் பிரசவம்?" என்று அவரை உருட்டிவிட்டு அக்காவை ஏற்றியது பவுனம்மாள்.

கட்டிலில், மெத்தை மேல், பெண் குழந்தை பிறந்தது. பவுனம்மாள் துணியில் சுற்றி வெளியே எடுத்து வந்தது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி, "இந்தாய்யா உன் அரிசி மூட்டை!" என்றது.

அவ்வளவுதான். சாயங்காலம் பார்க்க வந்தவர்கள், "அரிசி எங்கே? அரிசி பால் குடிச்சுதா?" என்றார்கள். அக்கா படுத்த வாக்கிலேயே சண்டைக்கு நின்றாள். "செல்வமேரி! அவ பேரு செல்வமேரி! அரிசின்னு சொல்றவங்க யாரும் என் வீட்டுப் படி ஏறக் கூடாது!" மாமாவோடு பேச்சு இல்லை. மாமா தினமும் கதவோரம் சாத்துக்குடிப் பையோடு நின்றார்.

வீட்டுக்குப் புறப்படும் நாளில் அக்கா சேலையைச் சரிசெய்ய எழுந்தாள். கையில் குழந்தை.

"ஏய், இந்த அரிசியைக் கொஞ்சம் பிடிடி," என்று என்னிடம் நீட்டினாள்.

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாய்லர் வெடித்தாலும் என்ன சத்தம் என்று கேட்கிற மாமாவுக்கு இது மட்டும் சுத்தமாகக் கேட்டுவிட்டது.