இதுக்கு முன்னாடி என்னா அரைச்சீங்க?

1. நீலப் புள்ளி

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஏச்சு வாங்கினேன். பொம்மைக்குப் பூசுகிற கிளேஸ் என்னும் மெருகுக் கலவையை அரைக்கும் 'பால் மில்' மெஷினில் என்னைப் போட்டிருந்தார்கள். பெரிய இரும்பு உருளை, உள்ளே கூழாங்கற்கள் உருண்டு உருண்டு அரைக்கும். காலையில் நீலம் ஓடியது, மதியம் வெள்ளை. நான் நடுவில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வெள்ளையைப் போட்டுவிட்டேன். சூளையிலிருந்து வெளியே வந்த வெள்ளை வாத்துகளின் முதுகெல்லாம் கடுகு கடுகாக நீலப் புள்ளி.

சூப்பர்வைசர் ஒரு வாத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"புஷ்பம், இத வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி கண்ணுல படுற எடத்துல வையி. மில்லுக்கு மூணு தண்ணி. மூணாவது தண்ணி குடிக்கிற தண்ணியாட்டம் வந்தாதான் அடுத்த கலரு."

"ஷோகேஸுல வைக்கிற வாத்துக்கு இம்புட்டா சார்?"

"வாங்குறவன் வெள்ள வாத்துன்னு நம்பித்தான வாங்குறான்?"

அந்தக் கம்பெனி மூடுகிறவரை பத்தொன்பது வருடம் மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கை வெந்துபோகும். ஆனால் இன்னொரு புள்ளி விழுந்ததில்லை.

2. பச்சை வட்டம்

அடுத்து வேலை கிடைத்தது பாக்கெட் மாவுக் கம்பெனியில். மெஷின் ஓட்டத் தெரிந்த பொம்பளை என்று உடனே எடுத்துக்கொண்டார்கள். காலையில் கோதுமை அரைப்போம். மதியம் அதே மெஷினில் கேழ்வரகு, சாமை, பொட்டுக்கடலை போட்டுச் சத்துமாவு. பழக்கதோஷத்தில் முதல் நாளே முதலாளியிடம் கேட்டேன்.

"இத எப்படி சார் கழுவுறது?"

"மாவு மெஷினுக்குத் தண்ணி ஊத்துனா துருப்பிடிச்சிடும்மா. ரெண்டு தட்டு தட்டிட்டு ஓட்டு."

தண்ணீர் ஆகாது என்பது சரிதான். பிரஷ் இருக்கிறதே, சல்லடையைக் கழற்றலாமே, மாவு உறிஞ்சுகிற மெஷின் வாங்கலாமே. ஒன்றும் கிடையாது. நானாகவே மதியம் முதலில் விழும் மாவை ஒரு டப்பாவில் பிடித்து, மாட்டுக்குப் போடலாம் என்று ஒதுக்கினேன். மூன்றாம் நாள் முதலாளி கண்ணில் பட்டுவிட்டது.

"இது என்னா, சாமிக்கு எடுத்து வெச்சிருக்கியா? கொட்டு உள்ள."

கொட்டினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் கொட்டினேன்.

நம் ஊர் மாவு மில்லுக்குப் போகிற எந்தப் பொம்பளையும் டின்னைக் கீழே வைக்கும் முன் ஒன்று கேட்பாள்: "இதுக்கு முன்னாடி என்னா அரைச்சீங்க?" மிளகாய் என்றால் ஓரமாக நின்று, நாலு பேர் அரைத்த பிறகு அரைப்பாள். யாரும் சொல்லிக்கொடுத்துக் கேட்பதில்லை. அதே பொம்பளை மளிகைக் கடையில் பாக்கெட்டை எடுத்தால் அந்தக் கேள்வி வாயில் வருவதில்லை. பளபளவென்று உறை போட்டுவிட்டால் உள்ளே மெஷினே இல்லாமல் மாவு வந்தது என்று நினைப்பு.

சத்துமாவு உறையின் முகப்பில் ஒரு பச்சை வட்டம் இருந்தது. அதில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருக்கும். ஒரு நாள் கேட்டேன்.

"குளூட்டன்னா என்னா சார்?"

"உடம்புக்குக் கெட்டது. அது நம்மகிட்ட இல்ல. இப்ப எல்லாரும் போடுறாங்க."

அவருக்கும் தெரியாது; அது கோதுமையில் இருக்கிற ஒரு புரதம் என்று எனக்கே பின்னால்தான் தெரிந்தது. தெரியாத ஒன்று தன் மாவில் இல்லை என்று ஆயிரக்கணக்கான உறையில் அச்சடித்து வைத்திருந்தார் அந்த மனுஷன்.

3. போன்

உறையில் இருந்த நம்பர், ஆபீஸ் மேஜையில் கிடந்த செல்போனுடையது. ஒரு நாள் அது அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை எடுக்கச் சொன்னார். ஒரு பெண் பேசினாள்.

"உங்க சத்துமாவுல கோதுமை கலப்பு ஏதும் இருக்குதாங்க? எம் புள்ளைக்குக் கோதுமை ஆகாதுங்க."

நான் போனைப் பொத்திக்கொண்டு முதலாளியைப் பார்த்தேன். "சுத்தமானதுன்னு சொல்லிட்டு வையி" என்றார்.

"சுத்தமானதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். எனக்குப் பின்னால் காலையில் அரைத்த கோதுமை மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது.

4. கம்மாபுரத்துப் பெண்

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் நேரிலேயே வந்தாள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். பையில் எங்கள் காலி உறைகள், ஒவ்வொன்றும் கழுவி மடித்தது. முதலாளி முன்னால் மேஜையில் அடுக்கினாள்.

"புள்ளைக்கு ஏழு வயசுங்க. சப்பாத்தி, பிஸ்கட்டு, ரவை எல்லாத்தையும் டாக்டரு நிறுத்தச் சொன்னாரு. கோதுமைத் தூசி பட்டாக்கூட ஆகாதுன்னாரு. நிறுத்துனதும் நல்லாத் தேறி வந்தா. உங்க மாவுல கஞ்சி காய்ச்ச ஆரம்பிச்சதுலருந்து மறுபடியும் வயித்தால போவுது. எலும்பும் தோலுமா ஆயிட்டா."

"வேற எதனா தின்னிருக்கும்மா."

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன். ஸ்கூலுல திருட்டுத்தனமா பிஸ்கட்டு தின்னியான்னு கேட்டேன். இல்லம்மான்னு அழுதா. பொய் சொல்றான்னு அடிச்சிட்டேன்."

அப்புறம் அவள் மெஷினைப் பார்த்தாள். ஊர் மில்லில் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"சத்துமாவுக்கு முன்னாடி இதுல என்னா அரைப்பீங்க?"

"கம்பெனி மாவுக்கு முன்னாடி பின்னாடியெல்லாம் கிடையாதும்மா" என்றார் முதலாளி. மூஞ்சியில் ஈயாடவில்லை.

பொம்மை வாத்துக்கு மூன்று தண்ணீர் ஊற்றிய கை இது. ஒரு பிள்ளைக் கஞ்சிக்கு ரெண்டு தட்டோடு விட்டிருக்கிறது.

"கோதுமை அரைப்போம்மா. தினமும் காலையில. கழுவுறது இல்ல, கழட்டித் தொடைக்கிறதும் இல்ல. அன்னிக்குப் போன்ல சுத்தமானதுன்னு சொன்னது நாந்தான்."

என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்ப எம் புள்ள பொய் சொல்லலையா?"

முதலாளி என்னை வெளியே போகச் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே நான் ஏப்ரனை அவிழ்த்துவிட்டேன்.

5. எறும்பு எழுத்து

அவள் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுத்தாள். நானும் கூடப் போய், மெஷினில் எது எப்போது ஓடியது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைக்கு இப்போது வீட்டிலேயே தனியாக ஒரு மிக்சி. தேறி வருகிறாள் என்று போனில் சொன்னாள்.

கொஞ்ச நாள் கழித்துக் கடையில் அந்தக் கம்பெனியின் புது உறையைப் பார்த்தேன். பின்பக்கம் ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: 'கோதுமையும் அரைக்கப்படும் இயந்திரத்தில் தயாரிக்கப்பட்டது.' முன்பக்கம் பச்சை வட்டம் அப்படியே இருந்தது. ஒரே உறை, முன்னால் ஒரு பேச்சு, பின்னால் ஒரு பேச்சு. எனக்கு வந்த கோபத்தில் கடைக்காரரோடு சண்டை போட்டு, இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து, அதற்கும் ஒரு புகார் எழுதினேன்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வாத்து முதுகில் விழுந்த நீலம் கண்ணுக்குத் தெரிந்தது, நான் பிடிபட்டேன். கேழ்வரகு மாவில் கோதுமை விழுந்தால் யாருக்கும் தெரியாது. அடி வாங்குவது ஏழு வயசுப் பிள்ளை.

வாங்குகிறவர்கள் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். வீட்டில் யாருக்காவது ஏதாவது ஒரு பொருள் ஆகாது என்றால், உறையில் உள்ள நம்பருக்குப் போன் போட்டு, இதற்கு முன்னால் அந்த மெஷினில் என்ன அரைத்தீர்கள் என்று கேளுங்கள். எடுத்தவர் ஒரு நொடி தயங்கி, "சுத்தமானதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தால், பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அந்தப் பக்கம் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.